ஜப்பானிய வாளுறை: பாகங்களுக்குத் தமிழில் என்ன பெயர்? வாய் தளர்ந்தால் என்ன செய்வது?

வாளகராதி (#1)

கட்டானா வாளின் உறையைப் பற்றித் தமிழில் விளக்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே சொல் இடிக்கிறது. ஜப்பானியர் அதைச் 'சாயா' என்கிறார்கள். அப்படியே எழுதினால் நம்மில் பாதிப் பேருக்குத் தேநீர்தான் நினைவுக்கு வரும். 'உறை' என்று மட்டும் போட்டால் தலையணை உறை, கடித உறை எல்லாம் கூடவே வந்துவிடும். 'வாளுறை' என்பதில் குழப்பமில்லை, அதை வைத்துக்கொள்ளலாம்.

பாகங்களுக்கு வந்தால்தான் தடுமாற்றம். இதுவரை நான் போட்டு வைத்திருப்பது: கொய்குச்சி என்பது உறைவாய், கொஜிரி என்பது உறையின் அடிமுனை, குரிகாத்தா என்பது பக்கவாட்டில் கயிறு கோக்கும் குமிழ், சாகெயோ என்பது அந்தக் கயிறு. ஹபாக்கிக்கு ஒன்றும் அமையவில்லை. அது வாளோடு சேர்ந்தது என்றாலும் அதை விட்டுவிட்டு உறையைப் பற்றிப் பேச முடியாது. மரவேலை, உலோகவேலை தெரிந்தவர்கள் இருந்தால் கை கொடுங்கள். அகராதியைப் புரட்டி எடுத்த சொற்களைவிடப் பட்டறையில் புழங்கும் சொற்கள் வேண்டும்.

உளிப்பிடி (#2)

பெயர் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். வேலை தெரிந்தால் பெயர் தானே வரும்.

உறை என்றால் வாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் பெட்டி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நல்ல ஜப்பானிய உறைக்குள் அலகு கிட்டத்தட்ட மிதக்கிறது. அலகின் இரு பக்கமும் மரத்தில் படக்கூடாது. கூர் படவே கூடாது. நுனி உறையின் அடியை முட்டக்கூடாது. பிடங்கு, அதாவது கூருக்கு எதிரே உள்ள முதுகு விளிம்பு, மட்டும் மரத்தின் மேல் சாய்ந்திருக்கலாம். அப்படியானால் வாளை உள்ளே நிறுத்தி வைப்பது எது? ஹபாக்கிதான். கைக்காப்புத் தட்டுக்கு முன்னால், அலகின் அடியில், ஏறக்குறைய 3 செ.மீ. நீளத்துக்கு ஒரு செம்புக் கவசம் இருக்கும். அது அலகின் நுனிப் பக்கம் மெலிந்தும் பிடிப் பக்கம் தடித்தும் இருக்கும், அதாவது ஓர் ஆப்பு. வாளை உறையில் செருகும்போது கடைசி விரற்கடை தூரத்தில் அந்த ஆப்பு உறைவாயில் ஏறி இறுகுகிறது. முழு வாளும் அந்த ஒரே இடத்துப் பிடிப்பில்தான் நிற்கிறது.

வாய் சற்று நசுங்கினாலும் வாள் ஆடுவது இதனால்தான். வாய் சரியாக இருந்தால், அலகு ஒரு மி.மீ. மெலிந்தாலும் தடித்தாலும் வெளியிலிருந்து தெரியாது.

செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பாதிச் சொற்கள் அதிலேயே இருக்கின்றன. மரம் 'ஹோ' எனப்படும் மக்னோலியா. மென்மையானது, ரேகை சீரானது, பிசின் குறைவு. பத்து ஆண்டுகளுக்கு மேல்கூட நிழலில் உலர்த்துவார்கள். பச்சை மரத்தில் செய்தால் பின்னால் முறுக்கிக்கொள்ளும், ஈரமும் விடும். பலகையை நீளவாட்டில் இரண்டாக அறுத்துப் புத்தகம் போலத் திறந்து, அலகை ஒரு பாதியின் மேல் வைத்துக் கோடு இழுத்து, இரண்டு பாதிகளிலும் உளியால் குடைவார்கள். அலகில் லேசாக எண்ணெய் தடவிப் படுக்க வைத்து எடுத்தால், எங்கே மரம் தொடுகிறதோ அங்கே கறை விழும். அந்த இடத்தைச் சீவிவிட்டு மறுபடி வைத்துப் பார்ப்பார்கள். கறை விழாத வரை இதே வேலைதான். பிறகு இரண்டு பாதிகளையும் சோற்றுப் பசையால் ஒட்டி, கயிற்றால் நெருக்கமாகச் சுற்றி, கயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவே ஆப்புகளை அடித்து இறுக்கிக் காய வைப்பார்கள். வெளிப்புறத்தை இழைப்பது அதற்கப்புறம்தான்.

ஒரு வாளுக்குச் செய்த உறை இன்னொரு வாளுக்கு ஆகாது என்பது இதிலிருந்தே விளங்கும். நீளம் ஒன்றாக இருந்தாலும் வளைவு ஒத்துப்போகாது.

பூண்குப்பி (#3)

ஹபாக்கிக்குப் பெயர் உளிப்பிடி சொன்ன விளக்கத்திலேயே வந்துவிட்டது. உலக்கையின் முனையில் போடுவது பூண், கைத்தடியின் அடியில் போடுவதும் பூண். மரத்தையோ உலோகத்தையோ சுற்றி இறுகும் வளையக் கவசம் எதுவானாலும் பூண்தான். ஹபாக்கி அலகின் கழுத்தில் இருப்பதால் கழுத்துப்பூண். எழுத்தைக் கூட்டிப் படிக்கிற சிறுவனுக்கும் புரியும்.

கொஜிரியை 'அடிமுனை' என்று போடுவதைவிட குப்பி என்றால் நன்றாக இருக்கும். மாட்டுக் கொம்பின் நுனியில் மாட்டும் பித்தளைக் குப்பியின் வேலைதான் இதற்கும். முனை சிதையாமல் காக்கும், அழகும் சேர்க்கும். கட்டானா உறையின் அடியில் பெரும்பாலும் எருமைக் கொம்பால்தான் குப்பி போடுகிறார்கள், ஆகையால் இந்தச் சொல் இரட்டிப்பாகப் பொருந்துகிறது. சில உறைகளில் உலோகக் குப்பியும் உண்டு.

'கொய்குச்சி' என்றால் ஜப்பானிய மொழியில் 'கெண்டை மீனின் வாய்' என்றே பொருள். நேராகப் பார்த்தால் நீள்வட்டமாக, நடுவே அலகுக்கான பிளவோடு, திறந்த கெண்டை வாய் போலவேதான் இருக்கும். ஆகவே கெண்டைவாய் என்றே வைக்கலாம் என்பது என் கருத்து. அந்த விளிம்பிலும் எருமைக் கொம்பு வளையம் பதிப்பார்கள். செருகும்போது அலகு முதலில் இடிக்கும் இடம் அதுதான், வெறும் மரமாக விட்டால் சீக்கிரம் சில்லுப் பெயரும்.

குரிகாத்தா என்றால் 'செஸ்ட்நட் கொட்டை வடிவம்'. நம் பக்கம் அந்தக் கொட்டை பழக்கமில்லாததால் 'கயிற்றுக் குமிழ்' போதும். அதன் துளையின் இருபுறமும் சிறு உலோக வளையங்கள் இருக்கும், அவற்றுக்கு ஷிதொதொமே என்று பெயர். துளை விளிம்பு கயிற்றில் தேய்ந்து போகாமல் காப்பவை. 'துளைக்காப்பு' என்று சொல்லலாம்.

கருக்குமட்டை (#4)

> கெண்டைவாய் என்றே வைக்கலாம்

அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் விளக்கக் குறிப்பில் 'கெண்டைவாயில் எருமைக் கொம்பு' என்று வந்தால் படிப்பவர் திகைத்துப் போவார். முதல் முறை 'உறைவாய், ஜப்பானியர் வழக்கில் கெண்டைவாய்' என்று சேர்த்துச் சொல்லிவிட்டு, பிறகு 'உறைவாய்' என்றே எழுதுவது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. தமிழில் ஆயுதத்தின் 'வாய்' என்றால் அதன் கூர் விளிம்பு. பதிற்றுப்பத்தில் 'புலியுறை கழித்த புலவுவாய் எஃகம்' என்று வருகிறது. புலித்தோல் உறையிலிருந்து உருவிய, புலால் நாறும் வாயை உடைய ஆயுதம். அந்த ஒரே அடியில் உறையும் இருக்கிறது, வாயும் இருக்கிறது. ஆனால் அந்த வாய் உறையின் வாய் அல்ல, ஆயுதத்தின் கூர். நாம் இங்கே உறையின் திறப்புக்கு 'வாய்' என்று வைத்தால், வாளின் விளிம்பை 'வாய்' என்று எழுதவே கூடாது. 'கூர்' என்றோ 'கருக்கு' என்றோதான் எழுத வேண்டும். 'வாய் சில்லுப் பெயர்ந்தது' என்று ஒருவர் எழுதினால் அது உறையா, அலகா? பழுதுபார்க்கும் குறிப்பில் இந்த மயக்கம் ஆபத்து.

அதே அடியில் 'கழித்த' என்ற வினையையும் கவனியுங்கள். உறைகழித்தல் என்றால் உறையிலிருந்து வெளியே எடுத்தல். இன்று நாம் 'உருவுதல்' என்கிறோம். இரண்டுமே நல்ல சொற்கள். உறைக்குத் 'தடறு' என்ற பழஞ்சொல்லும் உண்டு, ஆனால் அதை இன்று தூக்கிப் போட்டால் அடிக்குறிப்பு வேண்டியிருக்கும்.

பிடங்கு என்று உளிப்பிடி எழுதியது எனக்கு மகிழ்ச்சி. அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் இன்றும் ஊர்களில் சொல்லும் சொல். 'முதுகு' என்பதைவிடத் துல்லியம்.

வாளகராதி (#5)

வாய், கூர் பற்றிய எச்சரிக்கை எனக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி. இதுவரை: கழுத்துப்பூண், உறைவாய், குப்பி, கயிற்றுக் குமிழ், துளைக்காப்பு. அலகின் இரு விளிம்புகளுக்கும் கூர், பிடங்கு.

வேறு இரண்டு ஐயங்கள். 'காயெரிசுனோ' என்று ஒரு கொக்கி சில உறைகளில் தெரிகிறது. 'ஷிராசாயா', 'கொஷிராயே' என்று இரண்டு வகை உறைகள் சொல்கிறார்கள். இவற்றை எப்படிப் பிரிப்பது?

பூண்குப்பி (#6)

காயெரிசுனோ 'திரும்பிய கொம்பு'. கட்டானாவை இடுப்புக் கச்சைக்குள் கூர் மேல்நோக்கி இருக்கும்படி செருகுவார்கள். வாளை உருவும்போது உறையும் சேர்ந்து வெளியே வந்துவிடாமல், இந்தக் கொக்கி கச்சையில் மாட்டி நிறுத்தும். 'கச்சைக் கொக்கி' என்றால் போதும். எல்லா உறைகளிலும் இருக்காது.

தாச்சி என்ற பழைய வகை வாள் இதற்கு நேர்மாறு. கூர் கீழ்நோக்கி இருக்க, இடுப்பிலிருந்து தொங்கும். ஆகவே அதன் உறையில் குமிழோ கொக்கியோ கிடையாது. இரண்டு தொங்குவளையங்கள் இருக்கும், அவற்றுக்கு 'ஆஷி', அதாவது 'கால்' என்று பெயர். படத்தில் உறையைப் பார்த்ததும் குமிழா, இரட்டைத் தொங்குவளையமா என்று பாருங்கள். வகை உடனே தெரிந்துவிடும். தாச்சியைக் கூர் மேலாக வைத்துப் படம் எடுத்துவிட்டால் அதைத் தவறான காட்சிமுறை என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

ஷிராசாயா 'வெள்ளை உறை'. அரக்குப் பூச்சு இல்லாத வெறும் மரம், பிடியும் அதே மரம், கைக்காப்புத் தட்டு கிடையாது. வாள் ஓய்வெடுக்கும் உறை. 'ஓய்வு உறை' என்ற பொருளிலேயே அவர்களிடம் இன்னொரு பெயரும் உண்டு. கொஷிராயே என்பது அரக்கு, குமிழ், கயிறு, தட்டு, பிடிச்சுற்று எல்லாம் சேர்ந்த முழு உடுப்பு. ஓய்வு உறை, அணி உறை என்று பிரிக்கலாம். அணி உறையிலிருந்து அலகை எடுத்து ஓய்வு உறைக்கு மாற்றிவிட்டால், அணி உறையும் பிடியும் சிதறாமல் இருக்க உள்ளே ஒரு மர அலகு போட்டு வைப்பார்கள். அதற்கு 'சுனாகி' என்று பெயர், 'இணைப்புக் கட்டை'.

ஓய்வு உறையில் இருக்கும் வாளைப் பிடித்துச் சண்டை போடுவதைத் திரையில் காட்டுகிறார்கள். அந்தப் பிடி வெறும் சோற்றுப் பசையால் ஒட்டிய இரண்டு மரத்துண்டுகள். அடி விழுந்தால் பிளக்கும், கையும் போகும்.

நீலச்சாணை (#7)

சொல் விவாதத்துக்கு நடுவே நடைமுறைக் கேள்வி, மன்னிக்கவும். பயிற்சிக்கான கட்டானா, அணி உறை. குனிந்து வணங்கும்போது வாள் தானாகவே நழுவி வெளியே வருகிறது. உறை குளிர்சாதன அறையில் இருக்கிறது. வாய்க்குள் காகிதம் மடித்து வைத்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். சரியா?

உளிப்பிடி (#8)

காகிதம் வேண்டாம். ஈரத்தை உறிஞ்சும், கழுத்துப்பூணுக்கு அருகிலேயே துரு பிடிக்கும். கசங்கிக் கிழிந்த துணுக்குகள் உள்ளே போய் அலகைக் கீறும். துணியும் அப்படியே.

முதலில் இது மரம் சுருங்கியதால் வந்த தளர்ச்சியா, தேய்ந்ததால் வந்ததா என்று பாருங்கள். குளிர்சாதன அறையில் காற்று உலர்ந்திருக்கும், மரம் சுருங்கும், வாய் அகன்றுவிடும். ஜப்பானிலும் குளிர்காலத்தில் இதே புகார்தான், மழைக்காலத்தில் அது மாறி வாள் இறுகிவிட்டது என்பார்கள். உறையை அந்த அறையிலிருந்து எடுத்து, வெயில் படாத சாதாரண அறையில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். பிடிப்பு திரும்பிவிட்டால் உளியைத் தொடவே வேண்டாம்.

திரும்பாவிட்டால் தேய்மானம். விளக்கொளியில் வாய்க்குள் பார்த்தால் கழுத்துப்பூண் உராய்ந்த இடம் மட்டும் பளபளப்பாக நசுங்கியிருக்கும். மருந்து மரச்சீவல் ஒட்டுவதுதான். ஹோ மரம் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் எண்ணெயும் பிசினும் இல்லாத மெதுமரம். தேக்கு வேண்டாம், எண்ணெய்ப்பசை உள்ள மரம், பசையும் சரியாகப் பிடிக்காது.

சீவல் இழைப்புளியில் வருவது போல மெல்லியதாக இருக்க வேண்டும். 0.2 மி.மீ. போதும், அதிகபட்சம் அரை மி.மீ. நீளம் கழுத்துப்பூணின் நீளத்தைவிடக் கொஞ்சம் குறைவாக, 2 முதல் 2.5 செ.மீ. மர ரேகை வாள் செல்லும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கு ரேகையில் ஒட்டினால் முதல் உருவலிலேயே சுருண்டு வரும். உட்பக்கம் போகும் முனையைச் சரிவாகச் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் அலகின் நுனி அதில் தட்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இரண்டும் ஒரே தடிமன். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அலகு மறுபக்கம் ஒதுங்கி, உள்ளே முழு நீளத்துக்கும் உராயும். மேலே தெரியாமல் மெருகு பாழாகும் இடம் இதுதான்.

கூர்ப் பக்கம் எதையும் ஒட்டாதீர்கள். கூர் அதைச் சீவி எடுத்து உள்ளே தள்ளிவிடும்.

ஒட்டிய பிறகு ஒரு முழு நாள் வாளைச் செருகாமல் வையுங்கள். பசையின் ஈரம் கழுத்துப்பூணுக்குள் ஏறி அலகைத் தாக்கும். காய்ந்தபின் வாளை மெதுவாகச் செருகிப் பாருங்கள். அதிகமாக இறுகினால் சீவலைக் காகித உப்புத்தாளால் ஒரே ஒரு தேய்ப்பு தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பொறுமையாகச் செய்யுங்கள், எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது.

சரியான பிடிப்பு எப்படித் தெரியும்? மெத்தைக்கு மேலே, பிடி கீழ்நோக்கி இருக்கும்படி உறையைச் சாய்த்து, மறுகையைப் பிடிக்கு அடியில் தயாராக வையுங்கள். தன் எடையில் நழுவக்கூடாது. ஆனால் பெருவிரலால் கைக்காப்புத் தட்டை அழுத்தினால் சின்னதாக ஒரு 'டக்' உணர்வோடு விட வேண்டும். முதல் விரற்கடைக்கு மேல் எங்கும் இறுக்கம் இருக்கக்கூடாது.

ஈரநிலை (#9)

உளிப்பிடி சொன்னதோடு எண்ணெயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே நடக்கும் தவறுகளில் பெரியது இதுதான். கிராம்பு மணக்கும் சோஜி எண்ணெயைத் தாராளமாகத் தடவி, அப்படியே உறையில் போட்டுவிடுகிறார்கள். எண்ணெயை மரம் குடிக்கிறது, அந்தப் பகுதி ஊதுகிறது, ஒட்டுப்பசை தளர்கிறது. எண்ணெயும் தூசியும் சேர்ந்த பசைக்குழம்பு உறையின் உள்ளே படிந்து, ஒவ்வொரு முறை உருவும்போதும் மெருகைத் தேய்க்கிறது. பழைய எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு துளி தடவி, மறுபடி துடையுங்கள். அலகின் மேல் எண்ணெய் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுதான் சரி.

இரண்டாவது, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வரும் துரு. அலகைத் துடைத்துச் சுத்தம் செய்து வைத்த பின்னும் அதே இடத்தில் பழுப்புப் புள்ளி வந்தால் காரணம் உறைக்குள் இருக்கிறது. கழுத்துப்பூணிலிருந்து அந்தப் புள்ளி வரை எத்தனை செ.மீ. என்று அளந்து, உறையின் வெளியே வாயிலிருந்து அதே அளவில் ஒரு காகித நாடாவால் அடையாளம் இடுங்கள். உள்ளே அந்த இடத்தில் ஈரமோ, முன்பே இருந்த துருத்தூளோ, ஒட்டும்போது வழிந்த பசையோ இருக்கும். உறையை வெள்ளைத் தாள் மேல் கவிழ்த்து மெதுவாகத் தட்டுங்கள். மரத்தூள் வெளிர்நிறமாக விழும், துரு செம்பழுப்பாக விழும். துரு விழுந்தால் அந்த உறையில் வாளைத் திருப்பி வைக்க வேண்டாம்.

புதிதாக மெருகேற்றிய வாளைப் பழைய உறையில் போடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். மெருகுக்குச் செலவழித்தது ஒரே மாதத்தில் கீறலாகும்.

நீலச்சாணை (#10)

உள்ளே சுத்தம் செய்ய உறையைத் திறக்க முடியுமா? ஒட்டியது மறுபடி பிரியுமா? சாதாரண வெள்ளை மரப்பசையில் ஒட்டினால் இன்னும் பலமாக இருக்குமே?

உளிப்பிடி (#11)

பலமாக இருப்பதுதான் அங்கே குறை. சோற்றுப் பசைக்குச் 'சொக்குயி' என்று பெயர். அவர்களிடம் பலமான பசைகள் இல்லாமல் இதைப் பிடித்துக்கொள்ளவில்லை. பிரிக்க வேண்டிய நாள் வரும் என்று தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். உறை செய்பவர் மெல்லிய கத்தியை ஒட்டுவரியில் வைத்துத் தட்டினால், காய்ந்த சோற்றுப் பசை கண்ணாடி போல விரிந்து பிரிந்துவிடும். மரம் கிழியாது. உள்ளே துருவைச் சீவிவிட்டு மறுபடி ஒட்டலாம். நவீன பசையில் ஒட்டினால் ஒட்டு நிற்கும், பக்கத்து மரம் பிளக்கும். அந்த உறை அதோடு முடிந்தது.

சொக்குயி செய்வது இப்படி. குழைய வேகவைத்த சாதத்தை, உப்பும் எண்ணெயும் சேராமல், பலகையில் வைத்து மரத்தகட்டால் அழுத்தி அழுத்திப் பிசைய வேண்டும். ஒரு பருக்கைகூட மிஞ்சாமல், பளபளப்பாக இழையாக வரும் வரை. தண்ணீர் சில துளிகளுக்கு மேல் வேண்டாம், நீர்த்துப்போனால் பிடிக்காது. பருக்கை மிஞ்சினால் ஒட்டுவரியில் புடைத்து நிற்கும், அந்த இடைவெளியில் காற்றும் ஈரமும் நுழையும். அன்றைக்கன்றே செய்து பயன்படுத்த வேண்டும். இரண்டு பாதிகளின் விளிம்பில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள், குடைந்த பள்ளத்துக்குள் ஒரு துளியும் போகக்கூடாது.

ஒன்று மட்டும். அரக்கு பூசிய பழைய அணி உறையைப் பிரிக்க முயலாதீர்கள். ஒட்டுவரி அரக்குக்கு அடியில் இருக்கிறது, திறந்தால் பூச்சு முழுவதும் வெடிக்கும். ஓய்வு உறைக்குத்தான் இந்த வழி. பழைய வாளாக இருந்தால் ஓய்வு உறையின் மேல் மையால் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அலகு யார் செய்தது, நீளம் என்ன என்று வாளறிஞர்கள் எழுதி வைத்திருப்பார்கள், அதற்குச் 'சாயாகாகி' என்று பெயர். அப்படிப்பட்ட உறையை இழைப்பதும் உப்புத்தாள் போடுவதும் ஆவணத்தை அழிப்பது.

பூண்குப்பி (#12)

அரக்கு என்று எழுதியதால் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். நம் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. முத்திரை மெழுகிலும் மரக்கடைசல் பொம்மைகளிலும் இருப்பது அது. ஜப்பானிய உறையின் பூச்சு 'உருஷி', மரத்தின் பால். இரண்டும் வேறு. நம் அரக்கு சூட்டில் இளகும், சாராயத்தில் கரையும். உருஷி ஒருமுறை இறுகிவிட்டால் இரண்டும் நடக்காது. 'அரக்கு' என்று எழுதுவதானால் முதல் முறை 'மரப்பால் அரக்கு' என்று சொல்லிவிடுங்கள்.

உருஷி காயும் விதம் வேறு. வெயிலில் வைத்தால் காயாது. 70 முதல் 80 விழுக்காடு ஈரப்பதமும் 20 முதல் 25 பாகை வெப்பமும் உள்ள பெட்டிக்குள் வைத்தால்தான் இறுகும், ஏனென்றால் அதிலுள்ள நொதி காற்றின் உயிர்வளியோடு சேர்ந்து வேலை செய்ய ஈரம் வேண்டும். பச்சை உருஷி தோலில் பட்டால் கொப்புளம் போடும். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்து போவதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல, இரண்டும் ஒரே தாவரக் குடும்பம், மாவும் முந்திரியும்கூட அதே குடும்பம்தான். ஆகவே உறையில் பூச்சுப் பெயர்ந்த இடத்துக்குப் பச்சை உருஷி வாங்கித் தடவிப் பார்க்க நினைப்பவர்கள் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

கருக்குமட்டை (#13)

நம் நாட்டு உறைகளோடு ஒப்பிட்டால் சொற்கள் இன்னும் தெளிவாகும். தல்வார் வாளின் உறையும் இரண்டு மரச்சட்டங்கள்தான், மேலே தோலோ வெல்வெட்டோ போர்த்தியிருக்கும். வாயில் போடும் உலோகப் பூணை 'முஹ்னால்' என்பார்கள், அடியில் போடுவதைத் 'தஹ்னால்' என்பார்கள். வாய்க்குழல், அடிக்குழல் என்றே அந்தச் சொற்களுக்குப் பொருள். தமிழில் வாய்ப்பூண், அடிப்பூண் என்று நேராகவே சொல்லலாம். தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, உறையோடு இருப்பவற்றைப் பார்க்கும்போது இந்தப் பூண்களைத் தேடிப் பாருங்கள்.

தோல் பற்றி ஓர் எச்சரிக்கை. தோல் உறையில் வாளை நெடுநாள் போட்டு வைக்காதீர்கள். பதனிடும்போது சேர்ந்த துவர்ப்புப் பொருளும் உப்பும் ஈரத்தை இழுத்து எஃகை அரிக்கும். பித்தளைப் பூண் தோலைத் தொடும் இடத்தில் பச்சைக் களிம்பு ஊறும்.

இரும்பு உறையை மெச்சுபவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரி லூயி எட்வர்ட் நோலன் 1853-இல் வெளியிட்ட குதிரைப்படை நூலில், ஐதராபாத் நிஜாமின் குதிரைவீரர்களின் வாள்கள் எப்படி அவ்வளவு ஆழமாக வெட்டின என்று விசாரித்து எழுதுகிறார். விசாரித்தால் அந்த அலகுகள் பிரிட்டிஷ் படை கழித்துப் போட்ட பழைய அலகுகள்தான். புதுப் பிடி போட்டு, நன்றாகக் கூர்தீட்டி, மர உறையில் வைத்திருந்தார்கள், சண்டைக்குத் தவிர உருவவில்லை. பிரிட்டிஷ் வீரரின் அலகோ இரும்பு உறைக்குள் குதிரையின் ஒவ்வொரு அடிக்கும் ஆடி மழுங்கிக் கொண்டிருந்தது. அலகில் குறையில்லை, குறை உறையில் இருந்தது.

வாளகராதி (#14)

இது குறிப்பில் கட்டாயம் வரும். வினைச்சொற்களையும் கேட்டுவிடுகிறேன். 'கொய்குச்சியை வெட்டுதல்' என்று ஒரு தொடர் வருகிறது. வாயை வெட்டுவதா?

பூண்குப்பி (#15)

வெட்டுவது அல்ல. பெருவிரலால் கைக்காப்புத் தட்டை முன்னே தள்ளி, கழுத்துப்பூணின் பிடியை விடுவிப்பது. 'பூண் நெகிழ்த்துதல்' என்று எழுதலாம். இதைச் செய்யும்போது பெருவிரலைத் தட்டின் நடுவே, கூர் வரும் கோட்டில் வைக்காமல், சற்று ஓரமாக வைப்பார்கள். வாள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்தால் விரல் தப்பும்.

உறையை ஒட்டிய வழக்குச் சொற்கள் ஜப்பானியரிடம் நிறைய. 'வளைவு ஒத்துப்போகவில்லை' என்றால் இருவருக்கும் ஆகாது. 'பழைய உறைக்கே திரும்பியது' என்றால் பிரிந்த தம்பதி சேர்ந்துவிட்டார்கள். 'உறை உரசல்' என்றால் வழியில் உறையோடு உறை இடித்ததற்காக மூண்ட சண்டை, இப்போது அற்பக் காரணத்துக்கான தகராறுக்குச் சொல்வது. 'உருவவும் முடியாது, செருகவும் முடியாது' என்றால் இக்கட்டில் மாட்டிக்கொண்ட நிலை. நம்மிடம் 'ஒரே உறையில் இரண்டு வாள்' இருக்கிறது. ஆனால் வளைவு ஒத்துப்போகவில்லை என்பதற்கு உளிப்பிடி மேலே எழுதிய குடைவு வேலையை அறிந்தால்தான் முழுப் பொருளும் புரியும்.

நீலச்சாணை (#16)

அறையிலிருந்து எடுத்து வைத்து இரண்டு வாரம் ஆகிறது. பிடிப்பு பாதி திரும்பியிருக்கிறது, இப்போது சாய்த்தால் நழுவவில்லை. ஆனால் உள்ளே பார்த்தபோது வாய்க்குள் கூர்ப் பக்கத்தில் நூலளவு கோடு ஒன்று தெரிகிறது, சில சீவல்களும் விழுந்தன. அதை ஒட்டிவிடலாமா?

உளிப்பிடி (#17)

வேண்டாம், அந்த உறையில் இப்போதைக்கு உருவும் பயிற்சியை நிறுத்துங்கள். உருவும்போது கூர் மரத்தை அறுத்துக்கொண்டே வருகிறது என்பதற்கு அந்தக் கோடு அடையாளம். வாளைப் பிடங்கின் மேல் வழுக்கி எடுக்காமல், கூரின் மேல் சாய்த்து இழுப்பதால் வருவது. ஒட்டுவரியும் அந்தப் பக்கமே இருப்பதால் அறுபட்டுக்கொண்டே போய் ஒருநாள் வாய் பிளந்துவிடும். உறையை இடக்கையால் சுற்றிப் பிடித்திருந்தால் விரல்கள் நேரே அந்தப் பிளவின் மேல் இருக்கும்.

கோடு கொம்பு வளையத்தோடு நிற்கிறதா, மரத்துக்குள் போகிறதா என்று பாருங்கள். வெளியே அரக்கில் மயிரிழை விரிசல் தெரிந்தால் உள்ளே பிளந்தாகிவிட்டது, புது உறைதான். வெளியே ஒன்றுமில்லாமல் கோடு மேலோட்டமாக இருந்தால், சீவல்களைக் கொட்டிவிட்டு, பிடங்கு மரத்தைத் தொட்டபடி மெதுவாக உருவிப் பழகுங்கள். விரல்கள் கூர்ப் பக்கத்தைச் சுற்றாமல் இரு பக்கவாட்டிலும் அழுத்தியபடி இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி தாள் மேல் கவிழ்த்துத் தட்டுங்கள். புதுச் சீவல் விழுந்தால் பழக்கம் இன்னும் மாறவில்லை.

வைக்கும்போது படுக்கையாக, கூர் மேலே. அலகின் எடை பிடங்கில் நிற்கும்.

நீலச்சாணை (#18)

வெளியே விரிசல் இல்லை. கோடு கொம்பு வளையத்தைத் தாண்டி ஒரு செ.மீ. மரத்துக்குள் போகிறது. வாளை எடுத்துத் துடைத்துத் தனியே வைத்துவிட்டேன், உறையை உறை செய்பவரிடம் காட்டுகிறேன்.